நத்தார் (கிறிஸ்மஸ்) சூரியனுக்கு எடுத்த விழாவா? அத்தான் கேக் தொடமாட்டேன் என்கிறார்

உப்புவெளியான் | டிசம்பர் 9, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சமயச் சண்டை போட இந்த இழையைத் திறக்கவில்லை, ஒரு வீட்டுச் சண்டையைத் தீர்க்கத்தான்.

வீட்டில் பாலன் குடில் (இயேசு பிறந்த தொழுவத்தின் மாதிரி) வேலை தொடங்கிவிட்டது. அம்மா வழமைபோல நாலைந்து பால்மாப் பேணிகளில் மண் நிரப்பி, குரக்கனும் பயறும் முளைக்கப் போட்டு அடுப்படி யன்னலில் வரிசையாக வைத்திருக்கிறார். இருபத்துநாலாம் தேதிக்குள் அது ஒரு சாண் வளர்ந்து குடிலைச் சுற்றிப் புல்லாகிவிடும். நேற்று அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தான் போன வருடம் வரை எங்களோடு பூசைக்கு வந்தவர், இப்போது வேறு ஒரு சபைக்குப் போகிறார். பேணிகளைப் பார்த்தவர், "மாமி, இதெல்லாம் புறச்சாதிகளின் பழக்கம், டிசம்பர் 25 சூரியதேவனின் பிறந்தநாள்" என்று தொடங்கிவிட்டார். அம்மா, "நான் பாலன் யேசுவுக்குப் புல்லுப் போடுறன், சூரியனுக்கில்லை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார். கேக் தட்டு அப்படியே இருந்தது.

இரவு அத்தான் வாட்ஸ்அப்பில் ஒரு நீளப் பட்டியல் அனுப்பினார். ரோமர் கும்பிட்ட தெய்வமான மித்ராவும் டிசம்பர் 25இல்தான் பிறந்தாராம். ஈஸ்டர் என்பது இஷ்தார் என்ற பாபிலோன் தேவதையாம். நத்தார் மரத்தை எரேமியா தீர்க்கதரிசி அன்றே கண்டித்துவிட்டாராம். எது உண்மை, எது புளுகு? படித்தவர்கள் சொல்லுங்கள்.

டச்பே_நண்டு | டிசம்பர் 9, இரவு 9.52

கேக்கை என்ன செய்தீர்கள்? முதலில் அது தெரிய வேண்டும்.

வாடைக்காற்று | டிசம்பர் 10, காலை 6.15

தம்பி, நான் மெதடிஸ்த சபை, சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். நேற்றிரவு மழையில் கரண்ட் போய்விட்டது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அந்தப் பட்டியலில் கவனித்துப் பார்க்க வேண்டியது டிசம்பர் 25 ஒன்றுதான்.

ரோமில் 354ஆம் ஆண்டுக்கென ஒரு பஞ்சாங்கப் புத்தகம் எழுதப்பட்டது. அதற்குள் பல பட்டியல்கள் இருக்கின்றன. அரச விழாக்களின் பட்டியலில் டிசம்பர் 25க்கு நேரே "வெல்லப்படாதவனின் பிறந்தநாள், முப்பது தேரோட்டம்" என்று இருக்கிறது. வெல்லப்படாதவன் என்றால் சூரியதேவன் என்றுதான் பொருள் கொள்கிறார்கள். அதே புத்தகத்தில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் நினைவு நாட்களுக்கு வேறொரு பட்டியல். அதன் தலைப்பிலேயே, டிசம்பர் 25, யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்று வருகிறது. இந்தப் பட்டியல் 336 அளவிலேயே தொகுக்கப்பட்டுவிட்டது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இரண்டு பிறந்தநாளும் ஒரே புத்தகத்தின் இரண்டு பக்கங்களில்! எது மூத்தது? பேரரசர் அவுரேலியன் 274இல் சூரியனுக்குப் பெரிய கோயில் கட்டினார், உண்மை. ஆனால் சூரிய விழாவை டிசம்பர் 25 என்று தேதியோடு சொல்லும் ஆகப் பழைய எழுத்து அதே 354 புத்தகம்தான். ஆகவே "கிறிஸ்தவர்கள் சுட்டுவிட்டார்கள்" என்று அடித்துச் சொல்ல வழியில்லை. சுடவே இல்லை என்று சத்தியம் செய்யவும் வழியில்லை.

இன்னொரு விளக்கமும் இருக்கிறது. 1889இல் லூயி துஷேன் என்ற பிரெஞ்சுக் குருவானவர் அதை விரிவாக எழுதினார். இயேசு சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று தெர்த்துல்லியன் என்ற பழைய கிறிஸ்தவ எழுத்தாளரின் காலத்திலேயே, அதாவது 200 அளவிலேயே, மேற்கில் கணக்குப் போட்டிருந்தார்கள். அவர் மரித்த அதே தேதியில்தான் தாயின் வயிற்றில் கருவானார் என்பது பழைய நம்பிக்கை, அகுஸ்தீனும் அதை எழுதியிருக்கிறார். மார்ச் 25ஓடு ஒன்பது மாதத்தைக் கூட்டிப் பாருங்கள். கிழக்கில் மரணத்தை ஏப்ரல் 6 என்று வைத்தவர்களும் இருந்தார்கள். ஒன்பது மாதம் கூட்டினால் ஜனவரி 6. ஆர்மீனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6இல்தான் பிறப்பைக் கொண்டாடுகிறது. எனக்கு இந்தக் கணக்கில்தான் மனம் கூட நிற்கிறது. சூரியனைக் காட்டி டிசம்பர் 25ஐ விளக்கிவிடலாம், ஆனால் ஜனவரி 6ஐ அதே கையோடு விளக்குவது கஷ்டம்.

மித்ரா கதையை விட்டுவிடுங்கள். ரோமச் சிற்பங்களில் அவர் பாறையைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஆளாக வெளியே வருகிறார். தேதியும் இல்லை, தாயும் இல்லை.

கோணமாமலை | டிசம்பர் 10, காலை 8.30

ரீச்சர், வணக்கம். நான் சைவம். இழை முழுக்க "பேகன், பேகன்" என்று வரப்போகிறது, அதனால் ஒரு சந்தேகம். பேகனுக்குத் தமிழ் என்ன? பழைய கிறிஸ்தவப் புத்தகங்களில் "அஞ்ஞானிகள்" என்று இருக்கும். புறச்சாதி, புறமதத்தார் என்றும் இருக்கும். ஆக, தமிழில் பேகன் என்றால் நான்தானே? அப்படியென்றால் பேகன் வீட்டுக்கு வருடாவருடம் நத்தார் பலகாரத் தட்டு வருகிறது, பேகன் வீட்டுப் பொங்கலும் மோதகமும் எதிர்வீட்டுக்குப் போகிறது. தட்டு வெறுமையாகத் திரும்பியதில்லை.

வாடைக்காற்று | டிசம்பர் 10, காலை 8.55

லத்தீனில் அந்தச் சொல்லின் முதல் பொருள் "கிராமத்தான்", கிட்டத்தட்ட நம்முடைய பட்டிக்காட்டான் மாதிரி. கோபிக்காதீர்கள் தம்பி, பட்டணத்தில் இருக்கிற உங்களுக்கு அது பொருந்தாது.

ஜீவதண்ணீர் | டிசம்பர் 10, பகல் 12.20

நான் அந்த அத்தான் இல்லை, ஆனால் அவர் பக்கம் பேச இங்கே ஒருவர் வேண்டும். ரீச்சர் தேதியைப் பற்றி மட்டும் சொன்னார். என் கேள்வி வேறு. பிறந்தநாளைக் கொண்டாடுங்கள் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? முதல் இருநூறு வருடம் சபை அதைக் கொண்டாடியதற்கு ஒரு சான்று காட்டுங்கள். ஒரிஜென் என்ற பழைய வேத அறிஞரே, வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான் என்று சுட்டிக்காட்டினார். இரண்டு பேருமே அந்த நாளில் இரத்தம் சிந்தியவர்கள். புறச்சாதிகள் தங்கள் தேவர்களை எப்படிச் சேவித்தார்கள் என்று விசாரித்து அதுபோலச் செய்யாதே என்று உபாகமம் 12 சொல்கிறது.

இன்னொன்று. ஐந்தாம் நூற்றாண்டில் போப் லியோ ஒரு நத்தார்ப் பிரசங்கத்தில் புலம்புகிறார். கிறிஸ்தவர்கள் பேதுருவின் ஆலயப் படிகளில் ஏறி, உள்ளே போகுமுன் திரும்பி நின்று உதிக்கிற சூரியனைக் கும்பிடுகிறார்களாம். நான் கட்டிய கதை இல்லை, போப்பே சொன்னது. கலப்பு நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

வாடைக்காற்று | டிசம்பர் 10, பகல் 1.05

நல்ல அடி. லியோ அப்படிச் சொன்னது சரி, முதல் இருநூறு வருடம் பற்றிச் சொன்னதும் சரி. 200 அளவில் அலெக்சாந்திரியாவின் கிளமென்ட் அப்போது புழங்கிய பிறப்புத் தேதிகளை எழுதிவைத்தார். அதில் மே மாதம் வருகிறது, டிசம்பர் 25 இல்லவே இல்லை. 386இல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கம் செய்தபோது, இந்த விழா எங்களுக்குத் தெரிய வந்து பத்து வருடம்கூட ஆகவில்லை என்றார். பிந்தி வந்த விழா என்பதை நான் மறுக்கவில்லை. பிந்தி வந்தது வேறு, திருடி வந்தது வேறு.

ஏன் தம்பி, லியோ அந்தச் சனத்தைக் கண்டிக்கத்தானே செய்தார்? சூரியனைக் கும்பிடுவதற்கென்றே விழா வைத்திருந்தால் எதற்குக் கண்டிக்கிறார்?

டச்பே_நண்டு | டிசம்பர் 10, பகல் 1.09

ரீச்சர் 1, தம்பி 1. கேக் இன்னும் தட்டில்.

லண்டன்குளிர் | டிசம்பர் 10, பின்னேரம் 5.45

நான் மூதூர், இருப்பது லண்டனில். இங்கே அத்தானின் கட்சிக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1647இல் ஆங்கிலேயப் பாராளுமன்றமே நத்தாரையும் ஈஸ்டரையும் தடைசெய்தது. ஆட்சியில் இருந்தவர்கள் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புரட்டஸ்தாந்துக்காரர்கள். அவர்களின் ஆட்கள் அமெரிக்காவுக்குப் போய், மசாசூசெட்சில் 1659இல் நத்தார் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் தண்டம் என்று சட்டம் போட்டார்கள். 1681 வரை இருந்தது. ஸ்கொட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958இல்தான்!

அந்த இஷ்தார் கதை வந்ததும் ஸ்கொட்லாந்தில் இருந்துதான். அலெக்சாண்டர் ஹிஸ்லொப் என்ற போதகர் 1853இல் ஒரு சிறு நூல் போட்டார், 1858இல் அதைப் பெருப்பித்தார். கத்தோலிக்கச் சபையின் எல்லா வழக்கமும் பாபிலோனில் இருந்து வந்தது என்பது அவர் வாதம். சொல் ஒரேமாதிரி ஒலித்தால் போதும், முடிச்சுப் போட்டுவிடுவார். ரால்ஃப் உட்ரோ என்ற அமெரிக்கப் போதகர் ஹிஸ்லொப்பை நம்பி 1966இல் ஒரு புத்தகம் எழுதி நன்றாக விற்றார். அப்புறம் ஆதாரங்களைத் தானே தேடிப் பார்த்துவிட்டு, அந்தப் புத்தகத்தை நிறுத்தி, 1997இல் மறுப்புப் புத்தகம் எழுதினார். விற்கிற புத்தகத்தை நிறுத்த மனத்தைரியம் வேண்டும். வாட்ஸ்அப்புக்கு அந்த மறுப்பு வந்து சேரவில்லை.

வாடைக்காற்று | டிசம்பர் 10, இரவு 7.30

ஈஸ்டருக்கு இரண்டு வரி போதும். அந்தப் பெயர் ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் உரியது. 725இல் பீட் என்ற ஆங்கிலத் துறவி, ஏயோஸ்ட்ரே என்ற தேவதையின் பெயரில் இருந்த மாதத்தால் அந்தப் பெயர் வந்தது என்று எழுதினார். கிரேக்கம், லத்தீன் எல்லாவற்றிலும் விழாவின் பெயர் பாஸ்கா. அது யூதரின் பெசாக் பண்டிகை. முட்டைக்குக் காரணம் தேடித் தேவதையிடம் போக வேண்டாம். ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில் முட்டை விலக்கு, கோழி அது தெரியாமல் இட்டுக்கொண்டே இருக்கும்.

நாங்கள் தமிழில் என்ன சொல்கிறோம்? உயிர்த்த ஞாயிறு. ஞாயிறு என்றால் சூரியன். அதற்கு முதல்நாள் பெரிய சனி. சனியனே பெயரில் இருக்கிறான்! பெயரை வைத்து வழக்குப் போட்டால் தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவரும் தப்பமாட்டோம்.

உப்புவெளியான் | டிசம்பர் 10, இரவு 8.10

ரீச்சர், "நத்தார்" என்ற சொல்?

வாடைக்காற்று | டிசம்பர் 10, இரவு 8.25

போர்த்துக்கேயரின் நத்தால். அதற்குப் பின்னால் லத்தீன் நத்தாலிஸ், பிறந்தநாள். அந்த 354 பஞ்சாங்கத்தில் சூரியனுக்கும் அந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். ரோமில் இருந்து லிஸ்பன் போய், கப்பல் ஏறி, நம் வாயில் ரகரமாகி நிற்கிறது. தமிழ்நாட்டுக்காரருக்கு நத்தார் என்றால் விளங்காது.

டச்பே_நண்டு | டிசம்பர் 10, இரவு 8.27

அப்போ நத்தார் தாத்தா போர்த்துக்கேயரா? கோணமாமலை, ஓடிவாருங்கள்.

கோணமாமலை | டிசம்பர் 10, இரவு 9.50

வந்துவிட்டேன். நண்டு பகிடி விட்டாலும் எனக்கு இதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

601இல் போப் கிரகோரி இங்கிலாந்துக்குப் போன மெல்லித்துஸ் என்பவருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அந்தச் சனங்களின் கோயில்களை இடிக்காதே, விக்கிரகங்களை மட்டும் எடுத்துவிடு, தீர்த்தம் தெளித்து அதே கட்டடத்தில் பீடம் வை. சனம் பழகிய இடத்துக்கே வரட்டும். மாடு வெட்டி விருந்து வைப்பார்களா, அதையும் விடு, கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிடட்டும் என்கிறார். "பேகன் வேர்" உண்மையாகவே உள்ள இடம் இது. யாரும் ஒளிக்கவில்லை, போப்பே கையெழுத்துப்பட எழுதிவைத்திருக்கிறார்.

எங்கள் திருகோணமலைக்கு அந்தக் கடிதம் வந்து சேரவில்லை. ஆயிரம் வருடம் கழித்து, 1620களில், போர்த்துக்கேயத் தளபதி கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினான். பிரடெரிக் கோட்டை வாசலால் போகும்போது நின்று பாருங்கள். இரட்டைக் கயல் பொறித்த கல்லும், "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் எழுத்தும் வாசல் கல்லிலேயே இருக்கின்றன. புறமதத்தில் இருந்து எடுத்தது என்றால் திருமலையில் அந்தக் கல்தான். மற்றவை எல்லாம் தட்டு மாற்றுகிற கணக்கு.

மட்டுறுத்துநர் | டிசம்பர் 10, இரவு 10.05

கோட்டை பற்றி ஏற்கெனவே மூன்று இழைகள் பூட்டப்பட்டிருக்கின்றன. இது நாலாவதாக வேண்டாம். நத்தாருக்குத் திரும்புங்கள்.

ஜீவதண்ணீர் | டிசம்பர் 11, காலை 7.00

கோணமாமலை அண்ணை, அந்தக் கல்லுக்கு என்னிடம் பதில் இல்லை. இடித்தது தவறுதான்.

ஆனால் கிரகோரி கடிதத்தால் என் வாதம்தான் பலப்படுகிறது, பார்த்தீர்களா? பழைய இடம், பழைய விருந்து, புதுப் பெயர். இப்போதும் அதுதான் நடக்கிறது. கோயிலில் கொடியேற்றம், குத்துவிளக்கு, ஆரத்தி, தைப்பொங்கலுக்கு முற்றத்தில் பானை. எது எங்கே முடிகிறது?

கோணமாமலை | டிசம்பர் 11, காலை 8.15

பொங்கலைத் தொட்டதால் சொல்கிறேன். நீங்கள் 354ஆம் ஆண்டுச் சூரியனைத் தேடி ரோமுக்குப் போகிறீர்கள். தை முதலாம் தேதி உங்கள் கோயில் முற்றத்திலேயே பொங்கல் பொங்குகிறது, பானையில் சிலுவைக் குறி, பக்கத்தில் கோலம், நன்றித் திருப்பலி. எனக்குத் தெரிந்த ஒரு ஃபாதர் பால் பொங்கும்வரை பானைக்குப் பக்கத்திலேயே நிற்பார், யாரையும் அகப்பையைத் தொட விடமாட்டார்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டு விழாவும் சூரியன் வடக்கே திரும்புகிற கணக்குத்தான், இரண்டுமே இன்று உரிய நாளில் இல்லை. திருப்பம் நடப்பது டிசம்பர் 21, 22இல். எங்கள் பஞ்சாங்கம் நட்சத்திரக் கணக்கு, ஏறக்குறைய 72 வருடத்துக்கு ஒரு நாள் பிந்தும், அதனால் பொங்கல் ஜனவரி 14க்குப் போய்விட்டது. ரோமரும் டிசம்பர் 25 என்று குறித்து வைத்தார்கள், நாலாம் நூற்றாண்டில் உண்மையான திருப்பம் அதற்கு மூன்று நாலு நாள் முந்தியே முடிந்துவிட்டது.

வாடைக்காற்று | டிசம்பர் 11, முற்பகல் 10.40

ஜீவதண்ணீர் கேட்ட "எங்கே முடிகிறது" என்ற கேள்வியை மதிக்கிறேன். எங்கள் ஆட்கள் அதில் நூறு வருடத்துக்கு மேல் அடிபட்டிருக்கிறார்கள். ரொபேர்த்தோ தெ நொபிலி என்ற இத்தாலியக் குருவானவர் 1606இல் மதுரைக்கு வந்து காவி கட்டி, சந்தனம் பூசினார். பூணூலும் குடுமியும் வைத்திருக்கலாம் என்று 1623இல் ரோமில் இருந்து அனுமதி வந்தது. 1703இல் தூர்னோன் என்ற போப்பின் தூதர் புதுச்சேரிக்கு வந்து, 1704இல் பல வழக்கங்களுக்குத் தடை போட்டார். அதில் ஒன்று, பிள்ளையார் உருவம் உள்ள தாலி. தாலியை நிறுத்தச் சொல்லவில்லை, உருவத்தை மாற்றச் சொன்னார். இன்று சிலுவை பொறித்த தாலி கட்டியிருக்கிற அக்காமார் கழுத்தில் இருப்பது அந்த வழக்கின் தீர்ப்பு.

கலப்பு நடந்தால் இப்படித்தான் தடயம் விழும். கடிதம் இருக்கும், தடை இருக்கும், முறைப்பாடு இருக்கும், ஒருவர் பெயர் இருக்கும். அது எதுவும் இல்லாமல் "அதுவும் இதுவும் ஒன்றுபோல இருக்கிறது" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஹிஸ்லொப்தான் மிஞ்சுவார்.

எரேமியாவை மறந்துவிட்டேன். பத்தாம் அதிகாரத்தில் தச்சன் மரத்தை வெட்டிச் செதுக்கி, வெள்ளி பொன்னால் அலங்கரித்து, ஆடாமல் ஆணி அடிப்பது விக்கிரகத்துக்கு. அடுத்த வரியிலேயே அது பேசாது, நடக்காது என்று வருகிறது. நத்தார் மரத்தை வீட்டுக்குள் வைத்து அலங்கரித்ததற்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1605இல் ஒரு குறிப்பு உண்டு, ஜெர்மன் ஊர்களின் வழக்கம். நம் ஊர்ச் சவுக்குக் கிளை எரேமியாவுக்குத் தெரியாது.

உப்புவெளியான் | டிசம்பர் 11, இரவு 9.00

எல்லாருக்கும் நன்றி. ஆனால் அம்மாவின் பேணி? அத்தான் முதலில் பிடித்தது அதைத்தான்.

கோணமாமலை | டிசம்பர் 11, இரவு 9.20

நவராத்திரிக்கு எங்கள் ஊரில் கும்பம் வைத்து, சுற்றி மண் பரப்பி நவதானியம் முளைக்கப் போடுவோம். பத்து நாளில் பச்சையாக நிற்கும். உங்கள் அம்மா எங்களிடம் எடுத்தாரா, நாங்கள் உங்களிடம் எடுத்தோமா?

வாடைக்காற்று | டிசம்பர் 11, இரவு 9.45

இன்னும் பழைய பேணி ஒன்று சொல்லவா? கிரேக்கப் பெண்கள் அதோனிஸ் என்ற தெய்வத்துக்காக உடைந்த சட்டிகளில் கீரை விதை போட்டு முளைக்க வைப்பார்கள். ஒரு வாரத்தில் முளைத்து வாடிவிடும். இன்னும் கேளுங்கள்: பெத்லகேமில் இயேசு பிறந்ததாகச் சொல்லும் குகைக்கு மேலே ஒரு காலத்தில் அந்த அதோனிசுக்குத் தோப்பு இருந்தது என்று பழைய வேத அறிஞர் எரோனிமுசே எழுதியிருக்கிறார். பெத்லகேம், அதோனிஸ், முளைத்த சட்டி, பாலன் குடில். ஹிஸ்லொப் கையில் இது கிடைத்திருந்தால் நாற்பது பக்கம் எழுதியிருப்பார். எனக்கே எழுதக் கை துறுதுறுக்கிறது!

ஆனால் நடுவில் இவற்றை இணைக்கும் கண்ணி ஒன்றுமே இல்லை. பயறு ஈரத்தில் கெதியாக முளைக்கும். டிசம்பர் மழையில் புல் வெட்டி வந்தால் குடிலுக்குள் அழுகும், பேணியில் வளர்த்தால் அழுகாது. வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஜீவதண்ணீர் | டிசம்பர் 12, காலை 6.40

பேணியை விட்டுக்கொடுக்கிறேன் ரீச்சர். நத்தாரை இல்லை. பேகன் என்று இனிச் சொல்லமாட்டேன், வேதத்தில் கட்டளை இல்லை என்று சொல்வேன்.

வாடைக்காற்று | டிசம்பர் 12, காலை 7.10

அது நேர்மையான வாதம். பியூரிட்டன்களிடமும் பலமாக இருந்தது அதுதான். எனக்கு ரோமர் 14 இருக்கிறது: ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், மற்றவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான். நீங்கள் வேலைக்குப் போங்கள், நான் பலகாரம் சுடப் போகிறேன்.

உப்புவெளியான் | டிசம்பர் 28, இரவு 8.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். மழை விடவே இல்லை, குடிலின் கூரையில் போட்ட கிடுகு ஒழுகி ஒரு இடையன் சாயம் போய்விட்டார். புல் மட்டும் அமோகம்.

இருபத்தைந்தாம் தேதி அக்கா பிள்ளைகளோடு வந்தார், அத்தான் வரவில்லை. நேற்று வந்தார். அம்மா ஒன்றும் பேசாமல் கேக்கை வெட்டித் தட்டில் வைத்து, "இண்டைக்கு இருபத்தேழு" என்றார். அத்தான் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

டச்பே_நண்டு | டிசம்பர் 28, இரவு 8.33

மிச்சம் இருக்கிறதா?